மாமா கொண்டுபோன சுற்றுப்படம்

1

போன வெள்ளிக்கிழமை ஆய்வுகூடத்தில் எனக்கு ஒரு பூங்கொத்துத் தந்தார்கள். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் முடிந்துவிட்டதாம். பேராசிரியர் சின்னதாக ஒரு பேச்சும் பேசினார். இந்தக் கட்டடத்திலேயே நடுங்காத கை என்னுடையதுதான் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். பூவோடு சேர்த்துத் தந்த வாழ்த்து மட்டையில் என் பெயரை இரண்டு இடத்தில் பிழையாக எழுதியிருந்தார்கள். அதே பெயர் ஐந்து வருடமாக அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது.

பூவை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன். இதே மனிதர்தான் போன வருடம் தன் அறைக்குள் என்னை இருத்தி வைத்து விசாரித்தவர். அதை அவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது. அல்லது மறக்கவில்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிறார். இந்த நாட்டு ஆட்களுக்கு அப்படிப் பிரித்து வைக்க நன்றாகத் தெரியும். ட்ராமில் பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது எனக்கு ஒன்றுதான் தோன்றியது: இதை எழுதாவிட்டால் இனி ஒருபோதும் எழுதமாட்டேன்.

ஊரில் இருக்கிறவர்கள் நல்ல வேலையோ என்று கேட்பார்கள். என்ன வேலை என்று கேட்கமாட்டார்கள். அதனால் முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

2

நான் யாழ்ப்பாணத்தில், தெல்லிப்பழையில் பௌதிகவியல் படிப்பித்தவள். எண்பத்தாறில் கணவரோடும் மூன்று வயது மகளோடும் ஜேர்மனிக்கு வந்தேன். நாலு வருடம் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் சட்டி பானை கழுவினேன். பிறகு பல்கலைக்கழகத்தில் அதிர்வுகளை ஆராய்கிற கூடம் ஒன்றில் உதவியாளர் வேலை கிடைத்தது. கிடைத்ததற்குக் காரணம் என் பட்டம் அல்ல. ஈயம் உருக்கிக் கம்பிக்குப் பற்றாசு பிடிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள், தெரியும் என்றேன்.

என் மேசையில் முத்திரை அளவுப் பீங்கான் தகடுகள் கிடக்கும். பியெட்ஸோ என்று பெயர். அமத்தினால் மின்சாரம் தரும். மின்சாரம் கொடுத்தால் தானே விரியும், சுருங்கும். அந்தத் தகட்டை ஒரு அலுமினியப் பட்டியில் ஒட்டிச் சுண்டினால் பட்டி மணி மாதிரி வெகுநேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். தகட்டிலிருந்து இரண்டு கம்பி எடுத்து, ஒரு செப்புச் சுருளும் ஒரு தடையும் பூட்டிவிட்டால் அதே பட்டி ஈரத்துணி போட்டு மூடியது போல உடனே அடங்கிவிடும். சுருளில் சுற்றைக் கூட்டிக் குறைத்தால் தகடு ஒருமுறை இறுகும், ஒருமுறை இளகும், ஒருமுறை வேறு சுருதியில் பாடும். பட்டியையும் தொடுவதில்லை, தகட்டையும் தொடுவதில்லை. வெளியே பூட்டுகிற சுருளை மட்டும்தான் மாற்றுவது.

எந்தத் தகட்டுக்கு எத்தனை சுற்று என்று கண்டுபிடித்து அட்டவணையில் எழுதுவது என் வேலை. அந்த அட்டவணை எதற்கு, யாருக்கு என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. ஒருநாள் கேட்டேன். "அது உங்கள் பகுதி அல்ல" என்றார் பேராசிரியர், மிக மரியாதையாக.

வேலை கிடைத்த கையோடு விசா புதுப்பிக்க வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். என்ன வேலை என்று அங்கே இருந்தவள் கேட்டாள். அதிர்வுக்கு இவர்களின் மொழியில் ஷ்விங்குங். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஷ்வாங்கர். பதற்றத்தில் நான் ஷ்வாங்கர் ஆட்களோடு வேலை செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் மருத்துவிச்சி என்று பதிந்துவிட்டாள். வேலை ஒப்பந்தமும் பதிவும் பொருந்தவில்லை என்று கடிதம் வந்தது. அதைத் திருத்த மூன்று தரம் போய் வரிசையில் நின்றேன். மூன்றாம் தரம் மகள் தர்சினியைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது அவளுக்கு ஏழு வயது. அவள் ஒரே வசனத்தில் சொல்லி முடித்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குத்தான் என்னால் வெட்கப்பட அவள் பழகினாள் என்று நினைக்கிறேன்.

3

போன வருடம் வைகாசியில் ஊரிலிருக்கிற என் அண்ணையிடமிருந்து கடிதம் வந்தது. அண்ணை ஆசுபத்திரிச் சாமான்கள் திருத்துகிறவர். தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து தெல்லிப்பழைச் சனம் ஊரைவிட்டு எழும்பினபோது அவரும் எழும்பிச் சண்டிலிப்பாய்க்குப் போனவர். அங்கே யாரோ வெளிநாடு போய்விட்ட ஒருவரின் வீட்டில் ஒரு சின்னப் பிரசவ விடுதி நடந்தது. அதற்கு வேண்டிய திருத்த வேலையெல்லாம் அண்ணைதான்.

"தங்கச்சி, வயித்திலை இருக்கிற பிள்ளையின்ரை இதயத் துடிப்பைக் கேக்கிற மிசின் ஒண்டு இஞ்சை கிடக்கு. வயித்திலை வைக்கிற பிடிக்குள்ளை இருந்த கல்லு வெடிச்சுப்போச்சு. பழுதான வேறை மிசின் ஒண்டிலை இருந்து கல்லுக் கழட்டிப் போட்டன். சத்தம் ஈனமாக் கேக்குது, பிறகு இல்லாமல் போகுது. கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளை ஸ்டாண்டிலை விட்டு டைனமோவாலைதான் மிசினை ஓட்டிறம். பிள்ளைத்தாய்ச்சியின்ரை புருசன்தான் மிதிக்கிறது. அவன் வேர்க்க விறுவிறுக்க மிதிப்பான், மருத்துவிச்சி அம்மா ஒண்டும் கேக்கேல்லை எண்டு தலையாட்டுவா. அந்த முகங்களைப் பாக்கேலாமல் கிடக்கு. நீ உந்தக் கல்லுகளோடைதானே வேலை செய்யிறாய். என்ன செய்யலாம் எண்டு எழுது."

கல்லு என்று அண்ணை எழுதியது என் மேசையில் கிடக்கிற அதே பீங்கான்தான். தன் பழைய மீற்றரால் அளந்த அளவுகளையும் கடிதத்தின் அடியில் எழுதியிருந்தார்.

நாடு விட்டு வந்த பிறகு ஒருவர் என் படிப்பைக் கேட்டு எழுதிய முதல் கடிதம் அது. கோட் கேட்டும் மருந்து கேட்டும் எழுதினவர்கள் உண்டு. ஸ்பொன்சர் செய்யச் சொல்லி எழுதினவர்கள் இன்னும் கூட. கணக்குக் கேட்டு எழுதினவர் ஒருவரும் இல்லை. மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதற்காகவே இருந்தேன். விசயம் எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. புதுக் கல்லின் மின் கொள்ளளவு பழையதைவிடக் கூட. மிசினுக்குள் இருக்கிற சுருள் பழைய கல்லுக்கு என்று சுற்றியது. கல்லை மாற்றத் தேவையில்லை. வெளியே இன்னொரு சுருள் பூட்டிச் சரிக்கட்டினால் போதும். எங்கள் அட்டவணையைப் பார்த்து எத்தனை சுற்று என்று கணக்கிட்டேன். இருபத்தொன்று வந்தது.

கட்டம் போட்ட ஆய்வுகூடத் தாளில் அந்த மின்சுற்றுப்படத்தை வரைந்தேன். கல்லு ஒரு நிறம், சுருள் ஒரு நிறம், கம்பிகள் ஒரு நிறம். ஓரத்தில் அதிர்வெண், சுற்று, கம்பியின் தடிப்பு எல்லாம் இலக்கங்களாக எழுதினேன். இரண்டு வரி தமிழில் எழுதியிருந்தால் அண்ணைக்கு விளங்கியிருக்கும். ஆனால் நான் வடிவாக வரைந்து காட்ட ஆசைப்பட்டேன். அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

4

வேலாயுதம் மாமா என் கணவரின் தாய்மாமன். ஊர் அரியாலை. ரயிலில் கார்ட்டாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகளின் கல்யாணம் இங்கே பக்கத்து நகரத்தில் நடந்தது. அதற்கென்று வந்து மூன்று மாதம் நின்றார். இங்கேயே நில்லுங்கோ என்று எல்லாரும் மறித்தோம்.

"மாமி அங்கை தனிய. நான் இஞ்சை கோழிக்கால் கடிச்சுக்கொண்டு இருக்கிறதோ?" என்றார்.

தபாலில் போட்டால் யாழ்ப்பாணம் போக மாதக்கணக்காகும் என்று விமான நிலையத்தில் கடித உறையை அவர் கையில் கொடுத்தேன். அண்ணையின் மேல்விலாசம் எழுதி நன்றாக ஒட்டியிருந்தேன்.

"மாமா, இதை அண்ணையிட்டைச் சேர்ப்பிச்சு விடுங்கோ. அவசரம்."

"ஓம் பிள்ளை, நானே சண்டிலிப்பாய்க்குச் சைக்கிளிலை போய்க் குடுக்கிறன்."

உள்ளே என்ன என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவருக்கு அது விளங்காது என்று நினைத்தேன்.

5

கொழும்பில் இறங்கி வவுனியாவரை போயிருக்கிறார். வழியில் ஒரு இராணுவச் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். பின்னால் வரிசையில் நின்ற ஒரு மனிதர் கொழும்புக்குத் திரும்பி வந்து மாமாவின் மகளுக்கு ரெலிபோனில் சொன்ன கதை இது.

"உறையைக் கிழிச்சுப் படத்தை விரிச்சுப் பாத்தாங்கள். இது என்ன, குண்டுக்கோ எண்டு கேட்டாங்கள். அவர் தெரியாது எண்டார். தெரியாத சாமானை ஏன் கொண்டுபோறாய் எண்டாங்கள். மருமகள் தந்தவ எண்டார். பென்சன் அட்டையிலை ரயில்வே எண்டு கிடந்தது. அப்ப உனக்குச் சிக்னல், கரண்ட் வேலை எல்லாம் தெரியும், பொய் சொல்லுறாய் எண்டு ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள்."

செய்தி வந்த அன்று என் கணவர் றெஸ்ரோறண்டில் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"என்ன படமப்பா அது?"

சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"உன்ரை படிப்பு அந்த மனுசனைக் கொண்டுபோய் உள்ளுக்கை போட்டிட்டுது," என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. மாமாவின் மகள் இன்றுவரை கதைக்கவில்லை. கல்யாண வீட்டில் அவளுக்குக் கூறைச்சேலை உடுத்தி விட்டவள் நான்தான்.

6

கொழும்பில் பிடித்த சட்டத்தரணி ஒரு வழி சொன்னார். அந்தப் படம் எந்தத் தீங்குக்கும் உதவாது, மருத்துவ மிசினுக்கானது என்று ஒரு பல்கலைக்கழகத்தின் தலைப்புத் தாளில் கடிதம் வந்தால் மாமாவை வெளியே எடுக்கலாமாம். எனக்கு உயிர் வந்தது. பல்கலைக்கழகத்தில்தானே நான் வேலை செய்கிறேன்.

நான் வைத்திருந்த பிரதியை எடுத்துக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எங்கள் தாள்," என்றார்.

"ஓம்."

"இந்த இலக்கங்கள் எங்கள் அட்டவணையை வைத்துக் கணக்கிட்டதா?"

"ஓம். அந்த அட்டவணையை நான்தானே எழுதினேன்."

"எழுதியது நீங்கள். அது பணம் தருகிற நிறுவனத்தின் சொத்து."

அன்றைக்குத்தான் ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியும். விமானங்களுக்குச் சாமான் செய்கிற நிறுவனமாம். என்ன விமானம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊருக்கு மேலே பறக்கிற விமானங்களை நினைத்துக்கொண்டேன்.

"ஒரு வயதுபோன மனிதர் சிறையில் இருக்கிறார்," என்றேன்.

"மிகவும் வருந்துகிறேன். ஆனால் இது தீங்கில்லாதது என்று நான் எழுதித் தந்தால், இது இங்கேயிருந்து வெளியே போனது என்று நானே எழுதித் தந்ததாகிவிடும்."

அவர் உண்மையாகவே வருந்தினார். எழும்பிப் போய் எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அந்தத் தண்ணீரைக் குடித்ததற்காக நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

அடுத்த கிழமை ஆளணி அலுவலகத்தில் ஒரு தாளில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். அலுவலகத் தமிழே எனக்குப் பாதிதான் விளங்கும், அலுவலக ஜேர்மன் எப்படி விளங்கும்? தர்சினியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குப் பதினொரு வயது. வரிவரியாக வாசித்துத் தமிழில் சொன்னாள். நான் ஆய்வுகூடத்தின் தாளையும் தகவலையும் அனுமதியில்லாமல் வெளியே கொடுத்தேன், இனிமேல் கொடுக்கமாட்டேன், கொடுத்தால் வேலை போகும். ஓரிடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு அடுத்த வரிக்குப் போனாள்.

"சரி அம்மா, சைன் பண்ணுங்கோ. வீட்டை போவம்."

பண்ணினேன். திரும்பி வரும்போது ட்ராமில் அவள் என்னோடு ஜேர்மனில்தான் கதைத்தாள். எதற்கெடுத்தாலும் அந்த நாட்டை ஏன் இங்கே இழுத்துக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டாள். பக்கத்திலிருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். நான் தமிழில் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

வாசிக்கும்போது அவள் நின்ற சொல்லை நான் வீட்டுக்கு வந்து அகராதியில் தேடினேன். களவு என்று இருந்தது. அவளுக்கு அந்தச் சொல்லுக்குத் தமிழ் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்துதான் விட்டாள் என்றால், அந்த வருடம் எனக்கு ஒருவர் செய்த ஒரே உதவி அது. நான் கேட்கவில்லை.

அங்கே அந்தப் படத்தைக் குண்டு என்றார்கள். இங்கே களவு என்றார்கள்.

7

ஆவணி மாதம் அண்ணையின் அடுத்த கடிதம் வந்தது. கப்பலில் வந்து, எங்கெங்கோ கிடந்து, உறையெல்லாம் முத்திரை குத்துப்பட்டு வந்தது. மேலே போட்டிருந்த திகதியை இரண்டு தரம் பார்த்தேன். மாமா விமானம் ஏறுவதற்குப் பதினொரு நாள் முந்திய திகதி.

"தங்கச்சி, நீ மினக்கெடாதை. மிசின் சரிவந்திட்டுது. பழைய றேடியோ ஒண்டிலை இருந்து கம்பியைக் கழட்டி, வெளியிலை ஒரு சுருள் பூட்டி, ஒவ்வொரு சுத்தாக் கூட்டிக் கூட்டிப் பாத்தன். பத்தொன்பதாம் சுத்திலை சத்தம் பிடிச்சுது. குதிரை ஓடுறமாதிரிக் கேக்குது. மிதிச்சுக்கொண்டிருந்தவன் சத்தத்தைக் கேட்டிட்டு மிதிக்கிறதை விட்டிட்டான், மிசின் நிண்டுபோச்சு. மருத்துவிச்சி அம்மா ஏசின ஏச்சு! நீ ஒண்டும் அனுப்பத் தேவையில்லை."

நான் இருபத்தொன்று என்று கணக்கிட்டேன். அண்ணை கண்டது பத்தொன்பது. அடுத்த நாள் வேலை மேசையில் இருந்து யோசித்துப் பார்த்தேன். அண்ணைதான் சரி. மிசினுக்கும் பிடிக்கும் நடுவே ஓடுகிற வயரும் கொஞ்சம் கொள்ளளவு சேர்க்கும். நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அட்டவணையில் அந்த வயர் இல்லை. சண்டிலிப்பாயில் இருந்தது.

கடிதத்தை என் கணவருக்குக் காட்டவில்லை. குளிர்கால உடுப்புகள் வைக்கிற பெட்டியின் அடியில் வைத்தேன். குளிர்காலம் வந்தபோது வேறிடத்துக்கு மாற்றினேன்.

8

மாமாவை எட்டு மாதம் வைத்திருந்தார்கள். இந்த வருடம் மாசியில் விட்டார்கள், குற்றம் ஒன்றும் இல்லையென்று. ஆனால் கொழும்பை விட்டுப் போகக்கூடாது, கிழமைக்கு ஒருதரம் பொலிசில் கையெழுத்து வைக்க வேண்டும். வெள்ளவத்தையில் ஒரு உறவினர் வீட்டில் இருக்கிறார். மாமி அரியாலையில் இருந்தா. ஐப்பசிக் கடைசியில் இராணுவம் நெருங்கி யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது மாமியும் நடந்தா. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாவாம். அண்ணை மிசினைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு செம்மணி தாண்டியதைக் கண்டவர்கள் உண்டு. அதற்கு மேல் தகவல் இல்லை.

மாமா வெளியே வந்த பிறகு என் கணவர் அவரோடு அடிக்கடி ரெலிபோனில் கதைப்பார். நான் குசினிக்குள் நின்றுவிடுவேன். போன மாதம்தான் துணிந்து நானே எடுத்தேன். அவருக்கு ஒரு காது இப்போது கேட்காது. உரத்துக் கதைக்க வேண்டியிருந்தது.

"மாமா, நான்."

"தெரியுது பிள்ளை. சொல்லு. தர்சினி வளந்திட்டாளோ?"

வளந்திட்டாள் என்றேன். மாமியைப் பற்றிக் கதைத்தோம்.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டோ? எட்டு மாசமா ஒவ்வொருத்தரும் என்னைக் கேட்டாங்கள், எனக்குச் சொல்லத் தெரியேல்லை. அது என்ன படம்?"

சொன்னேன். பீங்கான் கல்லைப் பற்றி, சுருளைப் பற்றி, சைக்கிள் மிதிக்கிற புருசன்மாரைப் பற்றி. அவருக்குக் கேட்கவேண்டும் என்று கத்திக் கத்திச் சொன்னேன். சத்தம் கேட்டுத் தர்சினி தன் அறையிலிருந்து வந்து கதவடியில் நின்றாள். அதிக நேரம் எடுக்கவில்லை. ஐந்து நிமிடம்கூட இல்லை. மாமாவுக்கு எல்லாம் விளங்கியது.

"இவ்வளவுதானோ?" என்றார்.

"ஓம் மாமா."

"வயித்துப் பிள்ளையின்ரை சத்தம் கேக்கிற மிசினுக்கு எண்டு நான் அவங்களுக்குச் சொல்லியிருப்பனே. அவங்களுக்கும் பிள்ளையள் இருக்குந்தானே. எயர்ப்போட்டிலை எனக்கு ஒரு சொல்லுச் சொல்லிவிட்டிருக்கலாம் பிள்ளை."

கோபமாகச் சொல்லவில்லை. ரயிலைத் தவறவிட்ட ஒருவரிடம் கார்ட் சொல்வது போலச் சொன்னார். நான் மன்னியுங்கோ என்றேன். அதை அவர் காதில் விழுத்தவில்லை, அல்லது அது கேட்காத காதுப் பக்கம் போய்விட்டது.

"அது உன்ரை அண்ணையிட்டைப் போய்ச் சேந்திருந்தா மிசின் வேலை செய்திருக்குமோ?"

"செய்திருக்கும் மாமா," என்றேன்.

"அப்ப பரவாயில்லை," என்றார். "நல்ல காரியத்துக்குத்தானே கொண்டுபோனனான்."

இது வெளியாகிற சஞ்சிகை வெள்ளவத்தையில் அவர் இருக்கிற வீட்டுக்கும் போகிறது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விடாமல் வாசிக்கிறவர் அவர். அதனால்தான் எழுதினேன்.

மாமா, நீங்கள் விமானம் ஏறிய அன்று அந்த மிசின் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தது. என் படத்திலும் இரண்டு சுற்றுப் பிழை. நீங்கள் கொண்டுபோனது ஒருவருக்கும் தேவைப்படாத தாள்.